புள்ளி

மட்டாஞ்சேரிக்குக் குடிவந்த புதிதில் என்னைத் தடுக்கிவிட்ட முதல் சொல் ‘புள்ளி’. பஜார் ரோட்டு டீக்கடை வாசலில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். “புள்ளி இன்னு வந்நில்லல்லோ” என்றார் ஒருவர். எந்தப் புள்ளி, எங்கிருந்து வரவேண்டும்? டீ ஆறிய பிறகுதான் விளங்கியது. இங்கே புள்ளி என்றால் அந்த ஆள். புள்ளிக்காரன் என்றாலும் அவரேதான். ‘அவர்’ என்று சொல்லும் அளவுக்குப் பெரியவர் இல்லை, ‘அவன்’ என்று சொல்லும் அளவுக்கு நெருக்கமும் இல்லை என்றால் மலையாளி நடுவில் ஒரு புள்ளி வைத்துக்கொள்கிறான்.

தமிழுக்கும் இது புதிதல்ல. காசும் செல்வாக்கும் உள்ளவரைப் பெரும்புள்ளி என்கிறோம். செட்டிநாட்டில் நகரத்தார் கோயில் கணக்கில், கல்யாணமான ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு புள்ளி. ஊரில் எத்தனை புள்ளி என்று கேட்டுத்தான் புள்ளி வரி போடுவார்கள். ‘புள்ளியியல்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது, கட்டத்தாளில் பென்சிலால் குத்தும் கறுப்புப் பொட்டு மட்டுமே என் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் பொட்டுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பது கொச்சிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வேடிக்கை என்னவென்றால், ஆளைப் புள்ளி என்று கூப்பிடும் மலையாளத்தில் அந்தப் பாடத்துக்குப் பெயர் ‘ஸ்திதிவிவரக்கணக்கு’. அரசாங்க நெடி அடிக்கும் சொல். ஐரோப்பாவிலும் அந்தப் படிப்பு அரசனுக்கு நாட்டின் நிலவரம் சொல்லும் கலையாகத்தான் தொடங்கியது. எத்தனை தலை, எத்தனை ஏர், எவ்வளவு வரி கறக்கலாம் என்பதுதான் அதன் முதல் கேள்வி.

இங்கிருந்து நடக்கிற தூரத்தில், ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற இடத்தில், தோபிகானா இருக்கிறது. டச்சுக்காரர்கள் தங்கள் பட்டாளத்துத் துணி வெளுக்கத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கூட்டிவந்த குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே கல்லில் அடித்துத் துவைக்கிறார்கள். கயிற்றின் முறுக்குக்குள் துணி நுனியைச் செருகிக் காயப்போடும் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றால் பொழுது போவதே தெரியாது. முன்பெல்லாம் துணி யாருடையது என்று அறிய, கழுத்துப்பட்டியின் உள்பக்கம் சேங்கொட்டைச் சாற்றால் குறி போடுவார்கள். இரண்டு புள்ளி, ஒரு கோடு. மூன்று புள்ளி, குறுக்கே ஒரு கோடு. எழுத்தே வேண்டாம். ஆயிரம் துணி ஒரே தொட்டியில் நனைந்து, ஒரே வெயிலில் காய்ந்து, சாயங்காலம் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வெள்ளாவியில் வெந்தாலும் அந்தப் புள்ளி போகாது. சர்க்கார் கணக்குகளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அங்கே நனைந்த துணி திரும்பி வீட்டுக்கு வருவதே இல்லை.

எனக்குப் புள்ளியியலைக் கற்றுக்கொடுத்தவர் எந்தப் பேராசிரியரும் அல்ல, ஒரு மிளகுத் தரகர். பூர்வீகம் விருதுநகர்ப் பக்கம். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். யூதத் தெருவுக்கும் பஜார் ரோட்டுக்கும் நடுவே நாற்பது வருடமாகச் செருப்புத் தேய நடப்பவர். அந்த யூதத் தெருவில்தான் 1957-இல் தொடங்கிய இந்திய மிளகு, வாசனைத் திரவிய வியாபாரச் சங்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் அதன் கூடத்தில் தரகர்கள் நின்று தொண்டை கிழியக் கத்தி, வரப்போகும் மாதத்து மிளகுக்கு இன்றே விலை பேசினார்கள். இப்போது சத்தம் அடங்கிவிட்டது. ஆனாலும் வயநாட்டிலோ இடுக்கியிலோ ஒரு விவசாயி காலையில் பேப்பரை விரித்துக் கொச்சி விலை என்னவென்றுதான் இன்றும் பார்க்கிறார்.

அண்ணாச்சியின் ஆயுதம் குத்தூசி. ஒரு முழத்துக்குக் குறைவான இரும்புக் குழல், முனை கூர், நடுவே பள்ளம். சாக்கில் குத்தி இழுத்தால் ஒரு கைப்பிடி மிளகு உள்ளங்கைக்கு வரும். விரலால் தேய்த்தால் சணல் இழை நெருங்கிக்கொள்ளும். குத்திய தடமே இருக்காது. (விடுதலைப் பத்திரிகையில் எழுதிய குருசாமி ‘குத்தூசி’ என்று ஏன் பெயர் வைத்துக்கொண்டார் என்பது இதைப் பார்த்தவர்களுக்குத்தான் முழுசாகப் புரியும்.) ஒருநாள் கோடவுனுக்கு என்னையும் கூட்டிப்போனார். எண்பது மூட்டை. நான் ஆர்வத்தில் வாசலோரம் இருந்த மூட்டையைத் தொட்டேன்.

“வாசல் மூட்டை கல்யாண வீட்டு வாழைமரம் மாதிரி தம்பி. கட்டி வைக்கிறதே பாக்கத்தான்” என்றார்.

அப்படியானால் எந்த மூட்டையைக் குத்துவது? “நீயே நம்பர் சொல்லு.” ஏழு என்றேன். பதிமூன்று, இருபத்தேழு, முப்பத்தொன்று. அவர் சிரித்தார். “மனசுக்குத் தோணுனத சொல்லுதேன்னு நெனப்பு. நாப்பதும் அம்பதும் உன் வாயில வரவே மாட்டேங்குது பாரு. நீயும் சோடிச்சுத்தான் சொல்லுத.” பிறகு சட்டைப் பையிலிருந்து கசங்கிய ரூபாய் நோட்டுகளை எடுத்தார். ஒவ்வொரு நோட்டின் வரிசை எண்ணிலும் கடைசி இரண்டு இலக்கம். 62, 08, 40. அந்த மூட்டைகளைக் குத்தினார். எண்பதுக்கு மேல் வந்தால் அடுத்த நோட்டு.

அன்றைக்கு அதை வியாபாரத் தந்திரம் என்றுதான் நினைத்தேன். பின்னால் தெரிந்தது, 1927-இல் லண்டனில் டிப்பெட் என்பவர் 41,600 இலக்கங்களை ஒழுங்கே இல்லாமல் அடுக்கிப் புத்தகமாகப் போட்டிருக்கிறார். ஆராய்ச்சிக்காரர்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அந்த இலக்கங்களை அவர் எடுத்ததும் மக்கள் கணக்கெடுப்பு அறிக்கைகளிலிருந்துதான். மனித மனம் நடுநிலையாக நின்று எதையும் பொறுக்கி எடுக்காது என்பதை ஒப்புக்கொள்வதில்தான் இந்தச் சாஸ்திரமே தொடங்குகிறது. தமிழில் புள்ளியியல் பற்றிப் பேச வருகிறவர்கள் தவறாமல் ஒரு பானைச் சோற்றை இறக்குவார்கள். ஒரு சோறு பதம் என்பது உண்மைதான், பானை ஒரே சீராக வெந்திருந்தால். சமைக்கத் தெரிந்தவள் மேலாக ஒரு பருக்கையை நசுக்கிவிட்டுப் போகமாட்டாள். கரண்டியை அடிவரை விட்டுக் கிண்டிவிட்டுத்தான் பதம் பார்ப்பாள். பழமொழி அந்தக் கிண்டலை நம் கைக்கு விட்டுவிட்டது, நாம் அதைச் செய்வதில்லை.

குத்தி எடுத்த மிளகை ஒரு லிட்டர் பாத்திரத்தில் கொட்டி, விளிம்பை ஒரு குச்சியால் வழித்து, நிறுப்பார். லிட்டர் வெயிட் என்று பெயர். 550 கிராம் வந்தால் நல்ல சரக்கு. உள்ளே ஒன்றுமில்லாத பொள்ளு மிளகு கலந்திருந்தால் எடை இறங்கும். ஆனால் அண்ணாச்சி அதோடு நிறுத்துவதில்லை. கொழுத்த மிளகையும் பொள்ளையும் பதமாகக் கலந்து சொன்ன எடைக்குக் கொண்டுவந்து நிறுத்தத் தெரிந்த ஆட்கள் இந்தத் தெருவிலேயே உண்டு. எனவே சல்லடையில் போட்டுக் குலுக்குவார். எது நிற்கிறது, எது விழுகிறது, எவ்வளவு விழுகிறது? 4.25 மில்லிமீட்டர் கண்ணில் நின்றால் அதற்குத் ‘தலச்சேரி’ என்று பெயர். தலச்சேரி இப்போது ஊரல்ல, அளவு. லிட்டர் வெயிட் சராசரி என்றால், சல்லடை சொல்வது அந்தச் சராசரியிலிருந்து ஒவ்வொரு மணியும் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை. கல்லூரியில் திட்ட விலக்கம் என்று சூத்திரம் எழுதவைத்துப் பயமுறுத்தினார்களே, அது இந்தக் குலுக்கல்தான்.

வாங்குகிறவர் ஆள் ஒருபக்கம் குத்துவார், விற்கிறவர் ஆள் இன்னொரு பக்கம் குத்துவார். இரண்டும் ஒத்துப்போனால் பேரம் நடக்கும். ஒத்துப்போகவில்லையென்றால் யாரோ சரியாகக் குத்தவில்லை. வங்காளத்தில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் சணல் விளைச்சலை மதிப்பிட்டபோது செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனிக் குழுக்களை அனுப்பி, ஒருவர் கணக்கை மற்றவருக்குக் காட்டாமல் எடுத்துவரச் சொல்லி, வித்தியாசத்தைப் பார்த்தார். அந்த வித்தியாசம்தான் எவ்வளவு தப்பு நேர்ந்திருக்கும் என்பதற்கு அளவு. 1950-இல் அவர் முயற்சியில் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அந்தச் சந்தேகத்தின் மேல் கட்டப்பட்டது. தன் மீதே சந்தேகம் கொண்ட சர்க்கார் வேலை என்று இந்தியாவில் வேறு எதைச் சொல்லலாம் என்று தெரியவில்லை.

சராசரி என்ற சொல் பாரசீக வழியாக நம்மிடம் வந்தது. ஆங்கிலத்தில் அதற்குரிய ‘ஆவரேஜ்’ என்ற சொல்லோ துறைமுகத்துக் குழந்தை. கடலில் கெட்டுப்போன சரக்கைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து இத்தாலிய வியாபாரிகள் வழியாக வந்தது என்பார்கள். புயலில் கப்பலைக் காப்பாற்றச் சில மூட்டைகளைக் கடலில் தள்ளினால், அந்த நஷ்டம் மூட்டைக்காரன் தலையில் மட்டும் விழாது. கப்பல்காரனும் மற்ற சரக்குக்காரர்களும் அவரவர் பங்குக்குத் தக்கபடி பகிர்ந்துகொள்ள வேண்டும். கடல் வணிகத்தில் ‘ஜெனரல் ஆவரேஜ்’ என்ற பெயரில் அது இன்றும் சட்டம். 2021-இல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிய எவர் கிவன் கப்பலின் சொந்தக்காரர்கள் அதைத்தான் அறிவித்தார்கள். எங்கோ ஒருவர் வாங்கிய சோபாவுக்கும் அந்தக் கப்பலை இழுத்த செலவில் பங்கு விழுந்தது. சராசரி முதலில் ஒரு எண்ணாக இருக்கவில்லை, ஒருவன் இழப்பில் மற்றவர்கள் தோள்கொடுக்கும் ஏற்பாடாக இருந்தது. அதன் இப்போதைய வேலை பெரும்பாலும் எதிர்மாறானது. ஒருவன் இழப்பை மற்றவர்கள் எண்ணுக்குள் மறைத்துவிடுகிறது.

இந்த ஊர்த் துறைமுகமே அதற்குச் சாட்சி. கொச்சியில் ‘சாப்பா’ என்று ஒரு முறை இருந்தது. காலையில் வேலை கேட்டு ஆட்கள் கூடுவார்கள். மூப்பன் உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசி எறிவான். அதுதான் சாப்பா. கையில் கிடைத்தவனுக்கு அன்றைக்குக் கப்பலில் வேலை. கிடைக்காதவன் வீட்டுக்குப் போகலாம். வில்லை குறைவு, ஆள் அதிகம். ஒருவன் மேல் ஒருவன் விழுந்து, நகம் பெயர்ந்து, பல் உடைந்து, பொறுக்கினார்கள். இதற்கு எதிராக நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆன்டணி என்ற மூன்று தொழிலாளிகளின் பெயர்கள் இங்கே இன்றும் சொல்லப்படுகின்றன. கே.எம். சிதம்பரன் அதை நாடகமாக எழுதினார். ராஜீவ் ரவி எடுத்து 2023-இல் வெளிவந்த ‘துறமுகம்’ படம் அதிலிருந்து வந்தது.

கணக்குப்பிள்ளையின் பேரேட்டை எண்ணிப் பாருங்கள். நூறு சாப்பா, ஐந்நூறு ஆள், கூலி ஐந்து ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பேரேட்டின்படி கொச்சித் துறைமுகத் தொழிலாளியின் சராசரிக் கூலி ஐந்து ரூபாய். பொய்யே இல்லை, ஒவ்வொரு ரசீதும் சரியாக இருக்கும். மைதானத்தில் நின்ற எல்லோரையும் சேர்த்து வகுத்தால் ஒரு ரூபாய். வெறுங்கையோடு போன நானூறு பேர் எந்த நோட்டிலும் இல்லை, அவர்கள் எந்தக் கணக்கையும் கெடுக்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் பின்னத்தின் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று சொல்லிக்கொடுத்தார்கள். நாளேட்டில் சதவீதம் எதைப் பார்த்தாலும் எனக்கு இப்போது கண் கீழேதான் போகிறது. தொகுதியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பகுதியில் யாரை உள்ளே விட்டார்கள் என்று வாசலில் நின்று பார்ப்பவர் இல்லை. ரேஷன் அரிசிக்குத் தகுதியானவர்கள் இத்தனை பேர் என்று வகுத்தது 2011 தலைக்கணக்கை வைத்து. 2021-இல் எடுக்க வேண்டியதை எடுக்காமலே தள்ளிவிட்டு, அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்தார்கள். இடையில் பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மைதானத்தில் நிற்கிறார்கள்.

எண்ணாமல் விடுவது ஒரு வம்பு என்றால், நன்றாக எண்ணுவது இன்னொரு வம்பு. சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்து வீட்டு உம்மாவிடம் ஒரு பெண் படிவத்தோடு வந்து உட்கார்ந்தார். கடந்த பதினைந்து நாளில் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? உம்மா விரல் மடக்கத் தொடங்கினார். பிரஷர், சுகர், கொழுப்பு, முட்டுவலி, பிறகு மலையாளிகளின் தேசிய நோயான ‘கேஸ்’. எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்பது உட்பட மனப்பாடம். என் ஆச்சியிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், “நமக்கென்ன, தூக்கிக் குடுத்தா ஒரு மூட்டை நெல்லு குத்துவேன்” என்றிருப்பாள். அப்படிச் சொல்லிவிட்டு மூன்றாம் மாதம் செத்தும் போனாள். படிவத்தின்படி உம்மா நோயாளி, ஆச்சி ஆரோக்கியசாலி. அமர்த்திய சென் 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைத்தான் சுட்டிக்காட்டினார். இந்தியாவிலேயே மக்கள் அதிக காலம் உயிர்வாழும் மாநிலமான கேரளத்தில்தான் ‘எனக்கு நோய் இருக்கிறது’ என்று சொல்பவர்களும் அதிகம். ஆயுள் குறைவான பீகாரில் அப்படிச் சொல்பவர்கள் குறைவு. டாக்டரைப் பார்க்க முடிந்தவருக்குத்தான் தன் நோயின் பெயர் தெரியும்.

2021 ஆகஸ்டில் தேசத்தின் புதிய கோவிட் நோயாளிகளில் பாதிக்கு மேல் கேரளத்தில். தமிழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் போன் போட்டு, “அங்கேயாடே இருக்க? கெளம்பி வந்திரு” என்றார்கள். அதற்குச் சற்று முன்புதான் ஐ.சி.எம்.ஆர். ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. நாடு முழுக்க 67.6 சதவீதம் பேர் உடம்பில் எதிர்ப்பொருள்; கேரளத்தில் 44.4, கணக்கெடுத்த மாநிலங்களிலேயே குறைவு. மற்ற இடங்களில் நோய் வந்து, கணக்கில் ஏறாமலே போய்விட்டிருந்தது. இங்கே வந்ததைப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அதற்காகக் கேரளத்தை உச்சந்தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. விட்டுப்போன மரணங்களை அந்த அக்டோபரிலிருந்து ஆயிரக்கணக்கில் பட்டியலில் சேர்த்ததும் இதே மாநிலம்தான்.

யூதத் தெருவின் கடைசியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெபாலயம். டிக்கெட் வாங்கும் வரிசையில் தமிழ், இந்தி, பிரெஞ்சு எல்லா மொழியிலும் ஒரே கேள்வி கேட்கும்: இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இந்த ஊரில் வருடாவருடம் சுருங்கிக்கொண்டே வந்த எண் அது. 1950-களில் இங்கிருந்த யூதர்களில் பெரும்பாலானவர்கள் இஸ்ரேலுக்குப் புறப்பட்டுப் போனார்கள். சபை கூடித் தொழ, பதின்மூன்று வயது கடந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்பது அவர்கள் விதி. ஒன்பது பேர் என்றால் ஒருவருமே இல்லாததற்குச் சமம். கடைசிக் காலத்தில், ஊர் பார்க்க வந்த வெளிநாட்டு யூதர்களையும் சேர்த்துத்தான் பத்து தேறியது. இந்தத் தெருவில் பூத்தையல் கடை வைத்து, சன்னலோரம் உட்கார்ந்து, உலகமெல்லாம் புகைப்படத்தில் போய்ச் சேர்ந்தவர் சாரா கோஹன். 2019 ஆகஸ்டில் 96 வயதில் காலமானார். கொச்சி யூதர் என்றவுடன் பலருக்கு நினைவு வருவது அவர் முகம். ஆனால் பெண் என்பதால் அந்தப் பத்தில் அவர் ஒருநாளும் ஒரு புள்ளியாக எண்ணப்பட்டதில்லை.

பயணிகள் பார்ப்பதும் வாசல் மூட்டையைத்தான். கொச்சி யூதர்களில் பரதேசிகள் சிறுபான்மை. பெருந்தொகையினரான மலபார் யூதர்களின் கடவும்பாகம் ஜெபாலயம் இதே மட்டாஞ்சேரியில் இருந்தது. அவர்கள் போனபின் கோடவுனாகி, கவனிப்பாரின்றிக் கிடந்து, 2019 மழையில் இடிந்து சரிந்தது. கடிகாரக் கோபுரமும் நீலச் சீனத்து ஓடுகளும் உள்ள ஒன்றைப் பார்த்துவிட்டு, ‘கொச்சி யூதர்களைப் பார்த்தாகிவிட்டது’ என்று படகுத்துறைக்குத் திரும்புகிறார்கள்.

போன வாரம் அண்ணாச்சி வீட்டில் சாப்பிட்டேன். அன்றாடம் குத்தி எடுக்கும் மிளகைச் சிறு சிறு காகிதப் பொட்டலமாக மடித்து, மேலே சரக்குக்காரர் குறியும் தேதியும் எழுதி வைத்திருப்பார். பேரம் முடிந்த பொட்டலங்கள் எல்லாம் ஒரே டப்பாவில் கொட்டப்பட்டு அடுப்படிக்குப் போய்விடும். இடுக்கி, வயநாடு, குடகு, சிறுமலை எல்லாம் அதில் கலந்திருக்கும். அந்த வீட்டில் மிளகு காசு கொடுத்து வாங்கியதில்லை. மதினி எனக்கு இரண்டாம் தடவை ரசம் ஊற்றினார். அண்ணாச்சி ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினார், “காரம் பத்தலையே.”

“நான் என்ன செய்ய? ரெண்டு வாரமா நீங்க கொண்டாறதே பொள்ளு. மார்க்கெட்டுக்கு நல்ல சரக்கு வரலயா, இல்ல வாசல் மூட்டையே குத்திட்டு வாறீகளா?” என்றார் மதினி. அண்ணாச்சி பதில் சொல்லாமல் மோருக்குக் கை நீட்டினார்.